எர்த் கம்பிக்கு ஊற்றிய தண்ணீர்

பாப்பாவுக்கு, அப்பா எழுதுகிறேன்.

இதைக் காலை முதல் வண்டியின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் நீ ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் வந்து சேரும். பக்கத்தில் இருக்கிற கீழ்பென்னாத்தூருக்குக் கடிதம் எதற்கு, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூடாதா என்று உன் அம்மா கேட்கிறாள். செவ்வாய்க்கிழமை நான் வந்தது இதைச் சொல்லத்தான். நீ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். காபி கொடுத்தாய், குடித்தேன். "வெயில் ஜாஸ்தியா இருக்கு, ஒடம்ப பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பி வந்துவிட்டேன். தீபத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் மைக்கில் வழி சொன்னவன் நான். காணாமல் போன பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பெற்றவர்களிடம் சேர்த்த குரல் இது. பெற்ற மகளிடம் ஓர் உண்மையைச் சொல்ல அந்தக் குரலுக்குத் தெம்பு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ இதை யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். உன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. எனக்கு மறைக்க இனி ஒன்றும் இல்லை.

போன மாதம் நீ இரண்டு சாக்குப் பைகளில் உன் டேப் ஸ்பூல்களைக் கொண்டுவந்து என் மைக் செட் கடையில் வைத்தாய். முப்பத்தோரு ஸ்பூல். நீ பண்ணிய இசை முழுக்க அதில்தான் இருக்கிறது, வேறு பிரதி கிடையாது. "எல்லாத்தையும் அழிச்சிட்டு நீங்க கடைக்கு வெச்சிக்கோங்கப்பா. டேப்பு நல்லாத்தான் இருக்கு, கல்யாண ரெக்கார்டிங்குக்கு ஆவும். நீங்க செய்யலன்னா ஓசூருக்குப் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம வந்து நானே அழிச்சிட்டுப் போயிடுவேன்" என்று சொன்னாய். வருகிற திங்கட்கிழமை ஓசூரில் டேப் ரெக்கார்டர் கம்பெனியில் சேரப்போகிறாய். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பெட்டியையும் காதில் வைத்துப் பார்த்து, உறுமல் இருந்தால் ஒதுக்கித் தள்ளும் வேலை. ஏம்மா இப்படி என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை, அழவும் இல்லை. "கரண்டு சத்தத்தையே கேட்டு வளந்தவரு நீங்க. ஒங்க காதுக்கே அது ரிப்பேர்னுதான் தோணிச்சு. அப்ப அது ரிப்பேர்தாம்ப்பா. இத்தன வருஷமா நான்தான் வேற என்னமோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாய். நீ சொன்ன காரணம் ஒரு பொய்யின்மேல் நிற்கிறது பாப்பா. அந்தப் பொய் என்னுடையது.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன், அப்போதுதான் எனக்குப் பேனா நகரும். என் பிழைப்பு உனக்குத் தெரியும். மைக் செட் வைத்திருப்பவனுக்கு இரண்டே எதிரிகள். ஒன்று ஊளை, இன்னொன்று உறுமல். மைக்குக்கு முன்னால் குழாய் ஸ்பீக்கரின் வாய் திரும்பிவிட்டால் ஊளை. எர்த் சரியில்லை என்றால் உறுமல். இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து, சுற்றிலும் உப்புத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருந்தால் உறுமல் அடங்கும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தலில் வாழைமரம் கட்டுவதற்கு முன்னால் நான் எர்த் கம்பிக்கு ஒரு வாளி தண்ணீர் கேட்பேன். மற்ற செட்டுக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் என் செட் உறுமாது என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. அடி அண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், செங்கம் வரைக்கும் அந்தப் பேரை வைத்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் படிப்பு இல்லை, நிலமும் அண்ணன் தம்பிக்குள் பிரிந்துபோனது. அந்தப் பேர் ஒன்றுதான் எனக்கு இருந்தது.

உனக்கு ஒன்பது வயசு இருக்கும். தீபத்தன்று பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாய். திடீரென்று, "அப்பா, ஒத்தவாடத் தெருவுல மூணாவது கொழா பேசல" என்றாய். ஊரெல்லாம் ஒரே கூச்சல், மேளம், பதினாறு குழாய்கள் ஒன்றாகக் கத்துகின்றன. நான் நம்பவில்லை. ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்றாவது குழாய்க்குப் போகிற ஒயரை மாடு இழுத்து அறுத்திருந்தது. திரும்பி வந்து உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பாராட்டிச் சொல்லவில்லை. "முறுக்கு தின்ன கையால ஆம்ப்ளிஃபயரத் தொடாத" என்று அதட்டினேன். என் சுபாவம் அப்படி. மனசு நிறைந்துபோனால் எனக்கு வாயில் அதட்டல்தான் வரும். உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள், அவளுக்கு இதில் தனியாக ஒரு புராணமே உண்டு.

நீ பிசிக்ஸ் படித்தாய். அதற்குமேல் வடக்கே ஒரு கல்வி நிலையத்தில் இசை செய்யும் யந்திரம் வைத்திருக்கிறார்கள், அங்கே போகிறேன் என்றாய். சொந்தக்காரர்கள் எல்லாம் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நான் அனுப்பினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அங்கிருந்து நீ எழுதிய கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். அலமாரி அளவுக்கு ஒரு யந்திரம், முன்பக்கம் முழுக்கத் துளைகள், ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு ஒயர் மாட்டினால் ஒவ்வொரு விதமான ஓசை வரும் என்று எழுதியிருந்தாய். டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டேன், ஓசையை இப்போது கையால் தொட முடிகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அப்புறம் படிப்பு முடித்து ஊருக்கு வந்தாய், ஒரு ஸ்பூல் ரெக்கார்டரோடும் நீயே செய்த மூன்று ஓசைப் பெட்டிகளோடும். கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. அந்த வருஷம்தான் இங்கே நம் ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் உன்னை ஒரு நிகழ்ச்சி செய்யச் சொன்னார்கள். பழைய மாணவி, வடக்கே போய்ப் படித்தவள் என்று. மைக் செட் வழக்கம்போல் நான்தான்.

அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ மேடையிலிருந்து பார்த்தாய், நான் சுவரோரமாக ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிள்ளைகளின் கோலாட்டம் முடிந்தது, நாடகம் முடிந்தது. நீ வந்து, "இது மலையச் சுத்தி வர்ற சத்தங்கள வெச்சி பண்ணது" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்பூலைச் சுழலவிட்டாய். முதலில் கூட்டம் அமைதியாகத்தான் இருந்தது. உறுமல் எழும்ப ஆரம்பித்ததும் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. உன் பக்கம் இல்லை பாப்பா, என் பக்கம். உறுமல் வந்தால் இந்த ஊர் மைக் செட்டுக்காரனைத்தான் பார்க்கும். முன்வரிசையில் ஒருத்தர் எல்லாருக்கும் கேட்கும்படி, "யோவ், இன்னாய்யா உறுமுது, எர்த்தப் பாருய்யா" என்றார். ஒரு சிரிப்பு எழுந்தது. இன்னொருத்தர், "பொண்ணு கச்சேரியிலயே செட்டு படுத்துக்கிச்சு" என்றார். அந்தச் சிரிப்பு பெரிதாக இருந்தது. நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். எர்த் கம்பிக்கு ஒரு வாளி ஊற்றினேன். எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கும்படி இன்னொரு வாளியும் ஊற்றினேன். அப்புறம் உள்ளே வந்து ஆம்ப்ளிஃபயரின் சத்தத் திருகைக் குறைத்து சைபரில் வைத்தேன்.

கூடம் நிசப்தமானது. பிறகு கை தட்டினார்கள். எனக்குத் தட்டினார்கள். "பாத்தியா, சரி பண்ணிட்டாரு" என்று யாரோ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மேடையில் உன் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதில் முள் ஆடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து ஒயரைச் சரிசெய்வதுபோல் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீயே ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, கைகூப்பிவிட்டு இறங்கினாய். வீட்டுக்குப் போகும் வழியில், "எர்த் போயிடுச்சுன்னு நெனச்சிட்டேம்மா. ஹம்மு வருதேன்னு கொறச்சிட்டேன்" என்றேன். நீ சிரித்தாய். "பரவால்லப்பா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாய். வீட்டில் அம்மா என்னைத் திட்டியபோதுகூட நீதான் எனக்காகப் பரிந்து பேசினாய். என் பொய்யை நீ உன் கையாலேயே துடைத்துச் சுத்தம் செய்து எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நீ ஒரு மேடைக்கும் போகவில்லை. சென்னையிலிருந்து ஒருமுறை கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டாய். வீட்டில் உட்கார்ந்து இசை செய்தாய், யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. ஆனால் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓசை வகுப்பு ஆரம்பித்தாய். அதைப் பற்றி நான் உன்னிடம் எப்போதும் கேட்டதில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள், ஸ்பீக்கர் ரிப்பேர் என்று கூப்பிட்டாய், வந்தேன். ஆளுக்கு ஒரு பேட்டரியும் சோப்புப் பெட்டியில் பூட்டிய நான்கைந்து ரேடியோ உதிரிகளுமாகப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஓசையை ஏற்றுகிறாள், அடுத்தவள் காத்திருந்து அதற்குக் கீழே தன்னுடையதை வைக்கிறாள், மூன்றாமவள் இரண்டு பேரும் ஓய்ந்தபின் ஒரே ஒரு சொட்டு வைக்கிறாள். நீ கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ரிப்பேரை முடித்துவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

அன்று வெளியே வேர்க்கடலை மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தர் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். "டீச்சரம்மாவோட அப்பாங்களா? எம்பொண்ணு அவங்க கிளாஸ்லதாங்க படிக்குது. போன வாரம் மோட்டார் ஓடிக்கினு இருக்குது, இது வந்து 'அப்பா, மோட்டாரு சத்தம் கீழ எறங்குது, நிறுத்து'ன்னுச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல. நிறுத்திட்டுப் பாக்கறேன், மோட்டாரு காயிலு நெருப்பா கொதிக்குது. இன்னும் பத்து நிமிசம் உட்டிருந்தா எரிஞ்சிருக்கும்ங்க" என்றார். அவர் அதோடு நிறுத்தவில்லை. "இப்பல்லாம் அது மோட்டார் பக்கத்துல குந்திக்கினு சும்மா கேட்டுக்கினே இருக்குதுங்க. இன்னாம்மா கேக்கறன்னா, நல்லா இருக்குதுப்பா, நீயும் கேளுங்குது" என்றார். கேட்டீர்களா என்றேன். "கேட்டேங்க" என்றார், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு. ஒரு கடலை விவசாயிக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லாமல் போனது. இதை உன்னிடம் அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும். இந்த வருஷம் அந்த வகுப்பு வேண்டாத வேலை என்று மேலே இருப்பவர்கள் நிறுத்தச் சொல்லி, சோப்புப் பெட்டிகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டியபோதாவது சொல்லியிருக்க வேண்டும். நீ தனியாக நின்றாய். உனக்காக உறுதியாகப் பேச ஒரு ஆள்கூட இல்லை என்று நினைத்து ராஜினாமா எழுதினாய்.

இப்போது நீ அறியாததைச் சொல்கிறேன். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், வீட்டின் பின்னறையில் நீ அந்த ஸ்பூலை முழுக்க ஒருமுறை போட்டுப் பார்த்தாய். நான் முன்னறையில் ஒரு ரேடியோவுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. மணிச்சத்தம் வந்தது, ஆனால் அடி இல்லாத மணி. அடிக்கிற இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அடங்குகிற ஓசையை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருந்தாய். அதற்கடியில் மலை சுற்றுகிறவர்களின் வெறுங்கால் சத்தம். அதற்கும் அடியில் நம் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல். அது மெல்ல எழும்பி, கால்களை மூடி, மணிகளை மூடி, வீடு முழுக்க நிறைந்தது. பற்றவைக்கும் ஈயம் சொட்டி மேஜையில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க நான் விரட்டி அடித்த சத்தத்தை நீ உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாய். அதைக் கேட்டு என் கண் கலங்கியது. எனக்குப் புரிந்தது பாப்பா. எந்த வாத்தியத்தைக் கேட்டும் எனக்கு அப்படி ஆனதில்லை. நீ வெளியே வந்தபோது, "ஒயர்லாம் சுருட்டி எடுத்து வெய்யி, கால்ல தட்டுது" என்று அதட்டினேன்.

ஆகவே மறுநாள் கூடத்தில் எழுந்தது எர்த் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும். வாளியைத் தூக்கும்போது தெரியும், தண்ணீர் ஊற்றும்போது தெரியும், திருகில் கை வைக்கும்போது தெரியும். என் செட் உறுமாது என்கிற பேரைக் காப்பாற்றிக்கொள்ள உன்னை ஊர் நடுவே ஊமையாக்கினேன். ஒரு நிமிஷம் எழுந்து நின்று, "இது ரிப்பேர் இல்லீங்க, எம்பொண்ணோட பாட்டு, கேளுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். என் கையில்தான் மைக் இருந்தது.

எனக்கு வயசாகிறது. இடது காது பாதி போய்விட்டது. குழாய்க்கு அடியிலேயே வாழ்ந்தவனுக்குக் காது எப்படி மிஞ்சும்? நம் ஊரைத் தனி மாவட்டம் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு. கடைக்கு கேசட் பதிய வருகிறவர்கள் இப்போது மிஷின் தாளம் இருக்கிற பாட்டாகத் தேடிக் கேட்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் உன் இசையைக் கேட்டுச் சிரித்த அதே ஊர். நான் உன்னிடம் மன்னிப்பு கேட்டு எழுதவில்லை, அது எனக்குக் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஓசூருக்கும் நீ போ, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் என் காதை நம்பி நீ உன் இசையை விட்டுவிடாதே. அந்தக் காது உன்னிடம் பொய் சொன்னது. இந்த மூன்று வாரமாக, கடையைப் பூட்டிவிட்டு முப்பத்தோரு ஸ்பூலையும் நல்ல காதால் கேட்டேன். ஸ்பூல் அழிக்க நான் செய்த காந்தப் பெட்டியை ஒவ்வொரு நாளும் எடுத்து மேஜையில் வைப்பேன், மறுபடி உள்ளே வைப்பேன். என்னால் முடியாது பாப்பா. காலில் விழச் சொன்னால் விழுகிறேன். அழித்துவிடாதே.

'கடிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், இப்போது நான் வருத்தப்படக்கூடாது என்று அப்பா கதை கட்டுகிறார்' என்று நீ நினைப்பாய். உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை வரும்போது அழிப்பதற்கு முன்னால் விழாவில் போட்ட அந்த ஒரு ஸ்பூலை மட்டும் போடு. உறுமல் உச்சத்துக்குப் போய், அங்கிருந்து மூன்று படியாக இறங்கி, மூன்றாவது படியில் நின்று மூச்சு விடுமே, அந்த இடத்தைக் கேள். அன்று மேடையில் எந்த இடத்தில் உன் சத்தம் நின்றது என்று உனக்கு மறந்திருக்காது. செட்டில் கோளாறு என்றால் நான் அந்த நொடியே அணைத்துவிடுவேன், முப்பது வருஷமும் அப்படித்தான் அணைத்திருக்கிறேன். அன்று ஊரே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, என் கை திருகின்மேல் இருந்தது. முதல் படியில் நான் திருகவில்லை. இரண்டாவது படியில் திருகவில்லை. மூன்றாவது படியில் உன் உறுமல் இறங்கி வந்து நிற்கிறவரை காத்திருந்தேன்.

அப்பா